முத்து போச்சு, ஹெரால்டு வந்துச்சு

1961-இல் தமிழ்நாட்டில் மூன்று காரியங்கள் நடந்தன. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக நடிக்க, பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளியானது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டு என்ற காரை ரோட்டில் இறக்கியது. முத்து அத்தோடு போனது போனதுதான். படம் அன்றைக்குச் சரியாக ஓடவில்லை. கார் மட்டும் ஓடியது, அதுவும் முன்சக்கரம் கழன்று விழாத நாட்களில்.

மூன்றும் ஒரே கதைதான் என்பது தூத்துக்குடிக் கார் பைத்தியங்களின் கட்சி. பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீ வரும்வரை பேசுகிற கூட்டம் அது. அவர்கள் சொல்லும் சரித்திரத்தில் மார்க்கோ போலோவும் வருவார், மஞ்சள்பொடியும் வரும்; வரிசை முன்னே பின்னே இருக்கும். நான் அதை ஒழுங்குபடுத்தப் போவதில்லை. படுத்தினால் ருசி போய்விடும்.

எடுத்த எடுப்பில் வண்டித் திருட்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைப்பக்கம் வந்துபோன வெனிஸ்காரர் மார்க்கோ போலோ ஒரு விஷயத்தை எழுதிவைத்திருக்கிறார். முத்துக்குளிக்கிறவர்களைச் சுறா கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக மூழ்கினால் மிச்சத்தைச் சுறா பார்த்துக்கொள்ளும். சாவிக்குள் சிப் வைத்திருக்கிறோம், வேறு சாவி போட்டால் இன்ஜின் எழும்பாது என்று ஷோரூமில் இன்றைக்குப் பெருமை பேசுகிறார்கள். சுறாவையே வைத்துப் பார்த்த ஊர் இது.

அடுத்தது பழைய வண்டி வியாபாரம். எடுத்துவந்த சிப்பியைக் கரையில் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் பண்ணி, வாயைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா, எடுத்தவனுக்கும் தெரியாது, விற்ற சர்க்காருக்கும் தெரியாது. மூடிய பானெட்டைத் தட்டிப் பார்த்து விலை பேச இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடையாது.

பனிமய மாதா கோயிலின் பொன் தேரையும் கூட்டம் விட்டுவைப்பதில்லை. பரதவர்களின் சாதித் தலைவர் செய்வித்து 1806-இல் முதல் ஓட்டம் ஓடிய தேர். எப்போதாவது விசேஷ வருஷங்களில்தான் வெளியே வரும். 2023-இல் வந்தது. “1806 மாடல். ஒரே ஓனர். மாதாவைத் தவிர யாரும் ஏறினது கிடையாது. கிலோமீட்டர் ரொம்பக் கம்மி” என்று ஒரு மெக்கானிக் அண்ணாச்சி விளம்பரமே தயாராக வைத்திருக்கிறார். சொல்லிவிட்டு உடனே சிலுவையும் போட்டுக்கொள்வார்.

சென்னையின் ஆரம்பகாலக் கார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இலேயே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். பிறகு நீராவி பஸ்ஸும் வந்தது. அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்து, அதற்கப்புறம் புறப்பட வேண்டும். ஆபீஸுக்குப் போகிறவன் முந்தின ராத்திரியே கிளம்புவது உத்தமம்.

நம் சரித்திரம் சூடுபிடிப்பது 1906 அக்டோபர் 16-இல். அன்றைக்குத்தான் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், தலைவர் பாண்டித்துரைத் தேவர். எல்லாம் இருந்தது, கப்பலைத் தவிர. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கண்ணை உருட்டியதும் வாடகைக் கப்பல் வந்த வழியே திரும்பிவிட்டது. இலங்கையில் ஒன்றைப் பிடித்து ஒப்பேற்றினார்கள். கடைசியில் வ.உ.சி. பம்பாய்க்கே போனார், காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அப்போது நடந்த கட்டணச் சண்டையை இன்றைக்கு எந்தக் கார் டீலரும் தாண்டவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்பு டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. வெள்ளைக்காரன் யோசித்தான்: டிக்கெட் இலவசம், ஏறினால் ஒரு குடையும் இலவசம்! தூத்துக்குடியில் மழை பெய்வதே அபூர்வம். அந்த ஊரில் குடை கொடுத்து ஆள் பிடிக்கப் பார்த்த கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும். அவருடைய வாரிசுகள்தான் இன்றைக்கு வெயில் ஊரில் காருக்கு ‘ஹீட்டட் சீட்’ விற்றுக்கொண்டிருப்பதாக ஒரு சந்தேகம்.

குடை பலிக்கவில்லை. ஆனால் போலீஸ் பலித்தது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். கப்பல் ஓட்டியவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். முதலாளி ஜெயிலில் இருக்கையில் கம்பெனி தள்ளாடி, 1911-இல் கலைக்கப்பட்டது. கப்பல் போய்ச் சேர்ந்தது, நீங்கள் நினைக்கிற அதே வெள்ளைக்காரக் கம்பெனிக்கு.

இதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு அதே மாதிரிக் கட்டணச் சண்டையை அடுத்துப் போட்டவர் வால்சந்த் ஹீராசந்த். 1919-இல் குவாலியர் மகாராஜாவின் ‘லாயல்டி’ கப்பலை வாங்கி ஓட்டிய சிந்தியா கம்பெனிக்காரர். அவர் ஜெயிலுக்குப் போய்ச் செக்கிழுக்கவில்லை. அடிவாங்கியும் எழுந்து நின்று, கப்பலுக்குப் பின்னால் விமானம், கப்பல் கட்டும் தளம் என்று போய், 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆரம்பித்தார். அங்கேதான் ஃபியட் 1100 வந்தது. 1974-இல் அதற்குப் பிரீமியர் பத்மினி என்று பெயர் விழுந்தது. பெயர் சித்தூர் ராணியுடையது. எங்கள் பக்கத்து டிரைவர்கள் அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. அது ‘தில்லானா மோகனாம்பாள்’ பத்மினிதான். ஆக, வ.உ.சி.யைச் சும்மா விட்டிருந்தால் தூத்துக்குடியில் சுதேசி மோட்டார் கம்பெனி என்று ஒன்று வந்திருக்கும் என்பது கூட்டத்தின் முடிவு. ஆதாரம் கேட்டால் டீ உங்கள் கணக்கில் போய்விடும்.

நம்ம ஜில்லாக்காரர் ஒருவர் மோட்டாரில் ஜெயித்தும் காட்டினார். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், வக்கீல் வேலை, ரயில்வே, பேங்க் எல்லாம் பார்த்துவிட்டுப் பஸ் விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது அவர் கம்பெனி செய்த கரி கேஸ் பிளாண்டுதான் கூட்டத்துக்குப் பிடித்த அத்தியாயம். அடுப்புக் கரியை அரைகுறைக் காற்றில் எரித்தால் வருகிற வாயுவை இன்ஜினுக்கு ஊட்டுவது. கண்டக்டர் காலையில் துருத்தி சுற்றி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பெட்ரோலில் இருக்கிற இழுவை இதில் கிடையாது. ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு தள்ளிய அந்தத் தலைமுறையைச் சுதந்திரத்துக்குத் தயாரானவர்கள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அம்பாசிடரைப் பற்றி ஆளாளுக்குக் கண்ணீர் விட்டு எழுதியாகிவிட்டது. கூட்டம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் பிறந்தது குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில். பிறகு அங்கிருந்து கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு ஓடிவிட்டது. “உப்புக்காத்தைப் பாத்துப் பயந்துதாம்ல ஓடியிருக்கான்.” தொழிற்சாலை சொன்ன காரணம் வேறாக இருக்கலாம். தூத்துக்குடியில் கார் வைத்திருக்கிறவனுக்கு இந்தக் காரணமே போதும். 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலாந்தில் கழற்றிப் போட்ட சட்டை; அதை நாம் 2014 மே மாதம்வரை துவைத்துத் துவைத்துப் போட்டோம். 2017-இல் அந்தச் சட்டையின் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஷோ வாங்கிக்கொண்டது.

சரி, ஹெரால்டு.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனி ஒரு புதிய கார் செய்ய உட்கார்ந்தபோது, அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரன் வாங்கிவிட்டான். முழு பாடி செய்ய ஆளில்லை. கைக்குக் கிடைத்த சின்னச் சின்னக் கம்பெனிகளிடம் துண்டு துண்டாகச் செய்து வாங்கி, தனிச் சேசிஸின்மேல் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். இத்தாலிக்காரர் மிக்கலோட்டி உருவம் வரைந்ததால் அந்த அவசரம் வெளியே தெரியவில்லை. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுசாகக் கவிழ்ந்து நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே பிளக் கழற்றலாம். வளையும் வட்டமோ ரொம்பச் சின்னது. கீழூர்ச் சந்துக்குள் போய்விட்டு ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பலாம்.

நம்மூருக்கு இரண்டு கதவு போதவில்லை. மாமியார் பின்சீட்டுக்கு மடங்கி ஏறுவதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் வண்டலூர்த் தொழிற்சாலை 1968-இல் நாலு கதவு ஹெரால்டு செய்தது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. கதவு இரண்டு கூடினதே தவிர இன்ஜின் அதே 948 சி.சி.தான். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போகிற ஹெரால்டுக்கு முருகன்தான் ஐந்தாவது கியர்.

பின்பக்க ஆக்சில் இன்னொரு வேடிக்கை. வேகமாக வளைத்துப் பிரேக் போட்டால் பின்சக்கரங்கள் உள்வாங்கிக்கொண்டு பாடி மேலே எழும்பும். 1972-இல் அதே கம்பெனி இறக்கிய கெஸல் காரில் இதைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஆக்சில் வைத்தார்கள். ஹெரால்டு ஓட்டிப் பழகியவர்கள் கெஸலில் சுவாரஸ்யம் போய்விட்டது என்பார்கள்.

உயிரோடு விளையாடுவது முன்னால் இருக்கிற ட்ரனியன். சக்கரம் திரும்ப, பித்தளைக் கட்டைக்குள் மரை போட்ட இரும்புத் தண்டு சுழலும். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைச் சொருகுவது நம் கை வழக்கம். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கும், துருவேறி ஒரு நாள் தண்டு முறியும், சக்கரம் தனியாக முன்னால் போகும். “சக்கரம் நம்மள முந்திப் போனா ஹாரன் அடிக்காத, அதுக்குக் காது கேக்காது” என்பது அண்ணாச்சி வாக்கு. இன்றைக்கும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு சர்வீஸ் ஆயில் விடுங்கள். இது மட்டும் தமாஷ் இல்லை.

ஸ்டாண்டர்டின் முடிவு சோகமா, நகைச்சுவையா என்று இதுவரை தீர்ப்பாகவில்லை. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றை இறக்கினார்கள். மேலே, 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு வாங்கிய ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பு. உள்ளே, 1940-களின் வான்கார்டு இன்ஜின் வம்சம். ஃபெர்குசன் டிராக்டருக்குப் பங்காளி. வெளியே இருந்து பார்த்தால் மந்திரி, காதை வைத்துக் கேட்டால் உழவு. பெட்ரோலையோ மோர் மாதிரிக் குடித்தது. 1988-இல் தொழிற்சாலை மூடியது.

இவ்வளவு கார்களையும் இங்கிலாந்து அழிக்கவில்லை, இத்தாலி அழிக்கவில்லை; தூத்துக்குடி அழித்தது. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நாம்தான். அந்த உப்பில் ஒரு பங்கு காற்றில் ஏறி நேராகக் கார் கதவுக்குள் போகிறது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அதில் மண்ணும் பழைய பெயிண்டும் அடைத்துக்கொண்டால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே தெரியும்போது விரலால் குத்தினால் உள்ளே போய்விடும். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து விற்கிற கலையில் நம் டிங்கர்கள் கலைமாமணி வாங்க வேண்டியவர்கள். ஆகவே வண்டி வாங்கப் போகிறவர் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது. அடிப்பாகத்துக்குக் கழிவு ஆயில் அடிக்கச் சொல்லுவார்கள். துரு நிற்கும், ஆனால் ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப்போகும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடிப்பது போதும். நல்ல தண்ணீர் கிடைத்தால்.

வழியில் நின்றவர்களுக்கான வைத்தியமும் உண்டு. பெட்ரோல் டேங்க் கசிந்தால் 501 பார் சோப்பைத் தேய்த்து அடை. வெயிலில் பெட்ரோல் பம்ப் ஆவி கட்டி இன்ஜின் நின்றால் ஈரத்துணி சுற்று. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்பொடி போடு, வீடுவரை வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கழுவாவிட்டால் டியூப் அடைத்து அடுத்த வாரம் ரசமே வைக்கலாம்.

இப்போது தூத்துக்குடிக்கே கார்த் தொழிற்சாலை வந்துவிட்டது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்ட் 4-இல் திறந்தார்கள், முதலில் வருஷத்துக்கு 50,000 மின்சாரக் கார்கள் செய்யும் அளவுக்கு. அதன் முதலாளி பாம் நாட் வூஒங் உக்ரைனில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் விற்றுப் பணக்காரர் ஆனவர். கார் கம்பெனி ஆரம்பித்தது 2017-இல். முதல் கார்களில் சிலவற்றுக்கு அவர் எடுத்துக்கொண்டது பி.எம்.டபிள்யூ. கழற்றிப் போட்ட பழைய வடிவமைப்புகளை. கூட்டத்துக்கு அவரை உடனே பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். “நூடுல்ஸ்காரன் கார் செய்யலாம்னா, எண்ணெய்ப் புரோட்டா போடுதவன் ராக்கெட்டே விடலாமே” என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

மின்சாரக் காரில் கார்புரேட்டர் கிடையாது, பிளக் கிடையாது, கிளட்ச் கிடையாது. இதைக் கேட்டு அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பேட்டரி சூடாகாமல் இருக்கக் குளிர்ச்சித் திரவம் ஓடும், அதற்கென்று முன்பக்கம் ரேடியேட்டர் ஒன்று உண்டு என்று யாரோ சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப ஒழுகும்லா?”

ஒழுகினால் தயவுசெய்து கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள்பொடி போட்டால் வாரண்டி கிடையாது.