செயற்புள்ளி இலக்கணம்: பை திறத்தல் பற்றிய விரிவுரையுடன்

முறைவைத்துச் சண்டையிடும் பாத்திர விளையாட்டுகளில் வீரத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. ஒவ்வொரு முறைக்கும் வீரனுக்கு இத்தனை ஆக்‌ஷன் பாயிண்ட் என்று அளந்து தரப்படுகிறது. இதனை இனிச் செயற்புள்ளி என்க. புள்ளி தீர்ந்தவன், எதிரி தன் புள்ளிகளைச் செலவழித்து முடிக்கும்வரை வாங்கிக்கொண்டு நிற்கக் கடவன்.

இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று 1997-இல் இன்டர்பிளே வெளியிட்ட ஃபால்அவுட். அதன் சூத்திரம்: வீரனின் சுறுசுறுப்பு மதிப்பைப் பாதியாக்கி, பின்னத்தை நீக்கி, 5-ஐக் கூட்டுக. சுறுசுறுப்பு 10 எனில் 10 புள்ளி. 8 உடையவனுக்கும் 9 உடையவனுக்கும் 9 புள்ளியே. அந்த ஒன்பதாம் சுறுசுறுப்பு ஓர் இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். விளங்காத இடத்தையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளுவதற்கு எந்த ஆய்வாளருக்கும் இதுவரை புள்ளி கழிக்கப்பட்டதில்லை.

நடத்தல்: அறுகோணக் கட்டம் ஒன்றுக்கு 1.

குத்துதல்: 3.

சுடுதல்: பெரும்பாலும் 5, கண், கால் என்று குறிவைத்தால் மேலும் 1.

பை திறத்தல்: 4. இங்கே சற்று நிற்க வேண்டும். ஒருவன் முகத்தில் குத்துவதைவிடத் தன் பையைத் திறப்பது கடினம் என்பது நூலின் துணிபு. திறந்தபின்போ எல்லாம் இலவசம். காயம் ஆற்றும் ஸ்டிம்பேக் ஊசியை ஒன்று போட்டாலும் ஒரு டஜன் போட்டாலும் கணக்கில் மாற்றமில்லை. எதிரியும் மரியாதையாகக் காத்திருப்பான். இதற்கு அமைதி கூறப் புகுந்தோர் இரு அணியாயினர். உழைப்பு முழுவதும் வாரை அவிழ்ப்பதில் உள்ளது என்பர் திறப்புவாதிகள். வேண்டிய பொருள் எப்போதும் பையின் அடியில்தான் கிடக்கும், ஆகவே 4 என்பது துழாவுகூலி என்பர் துழாவல்வாதிகள். துழாவியே எடுத்தால் இரண்டாம் ஊசிக்கும் கூலி வேண்டாமா என்று கேட்டார் பெயர் தெரியாத உரைகாரர் ஒருவர், செல்லரித்துப்போன தம் ஏட்டின் செல்லரிக்காத ஓரத்தில். அவரை மறுத்து அவர் மாணாக்கர் எழுதிய மறுப்புரை, அம்மறுப்புரையின் அடிக்குறிப்பு, அவ்வடிக்குறிப்புக்கு ஆசிரியர் இறந்தபின் அவர் பெயரில் வெளிவந்த பதிலுரை ஆகிய மூன்றும் ஒரே கட்டாக இருந்தன. பதிப்பிப்பதாகச் சொல்லி வாங்கிச் சென்ற பேராசிரியர் அதைத் திருப்பித் தரவில்லை, பதிப்பிக்கவுமில்லை, ஆனால் அதை ஆதாரம் காட்டி ஏழு கட்டுரை எழுதிவிட்டார். பையை விரைந்து திறக்கும் தனித்திறன் ஒன்றும் விளையாட்டில் உண்டு. வீரன் வளர வளரத்தான் அது கைகூடும்.

களைப்பு: 1994-இல் வந்த எக்ஸ்-காம் நேர அலகையும் ஆற்றலையும் தனித்தனியே கணக்கிடுகிறது. நடந்தால் இரண்டும் குறையும். சுட்டால் நேரம் மட்டுமே. எனவே ஓர் அடி எடுத்துவைக்கத் தெம்பில்லாத சிப்பாய், தோளில் ராக்கெட் ஏவியைத் தூக்கி ஏவத் தடையில்லை. மண்டியிட 4 அலகு, எழுந்து நிற்க 8. நூலின் இப்பகுதியை நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் எவரும் மறுத்ததில்லை.

சேமித்தல்: 2017-இன் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2-இல் முறைக்கு 4 புள்ளி. செலவழிக்காததை அடுத்த முறைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கையிருப்பு 6-ஐத் தாண்டாது. கஞ்சத்தனத்துக்கு உச்சவரம்பு விதித்த நூல் இது.

2023-இன் பால்டர்ஸ் கேட் 3 புள்ளியையே ஒழித்து, ஒரு செயல், ஓர் உபசெயல், இவ்வளவு தூரம் நடை என்று பங்கிட்டது. மருந்து குடித்தல் உபசெயல். பைத்தகராறு அத்துடன் ஓய்ந்தது. பல கட்டுரையாளர்கள் பிழைப்பிழந்தனர்.

சும்மா இருத்தல்: இதன் பெருமையைத் தாயுமானவர் முன்பே பாடியிருப்பினும், எண்மதிப்பு தந்தது ஃபால்அவுட்டே. மிச்சம் வைத்த ஒவ்வொரு புள்ளியும் வீரனின் கவச மதிப்பில் 1 கூட்டும். அடுத்த முறை வரும்வரை அது அவனைக் காக்கும். 10 புள்ளியையும் தொடாமல் நிற்பவனுக்கு 10 கூடும். முறையை முடிக்கும் பொத்தானை அழுத்துவதற்குக் கட்டணம் இல்லை.