நாய்ப் பத்தியம்: மூலபாடமும் இடைச்செருகல்களும்

தமிழில் பத்தியச் செய்திக்குப் பஞ்சமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம், காமாலைக்கு ஒன்று, லேகியம் சாப்பிடுகிறவருக்கு ஒன்று என்று வகைவகையாகச் சொல்லிவைத்த முன்னோர், ஒரே வீட்டில் மூன்று நாய்கள் இருந்து அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பத்தியம் என்று ஆகிவிட்டால் மற்ற இரண்டையும், முக்கியமாக வீட்டு மனிதர்களையும், எப்படிக் கட்டி மேய்ப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. இதற்கு முனைவர் பட்டம் தர எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராவிட்டால் நஷ்டம் பல்கலைக்கழகத்துக்குத்தான்.

ஆய்வுக்களம் மந்தைவெளி. மெட்ரோவுக்காக ஆர்.கே. மடம் சாலையில் நடக்கும் வேலையின் சத்தமும் பறக்கும் ரயிலின் சத்தமும் ஒருசேரக் கேட்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிர்களில் மூத்தது ஜிம்மி, 9 கிலோ. மயிலாப்பூர் வட்டாரமே இந்த ஜாதியைப் பாமரேனியன் என்றுதான் சொல்லும். உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அடுத்தது ராஜா, லாப்ரடார், 32 கிலோ. மூன்றாவது கறுப்பி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிப்படி ஏறி வந்தவள், தண்ணீர் வடிந்த பிறகும் இறங்கவில்லை.

நோயாளி ஜிம்மி. ஒரு நாள் காலை முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு பூஜை அலமாரிக்கு நேரே அசையாமல் நின்றது. “பாரேன், சுவாமிக்கு நமஸ்காரம் பண்றது” என்று அம்மா கண்கலங்கினார். அரை மணியில் வாந்தி. அது பக்தி அல்ல, வயிற்றுவலி என்றார் டாக்டர். கணைய அழற்சி வந்த நாய்கள் இப்படி நிற்பதுண்டாம். குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, பிறந்த வீட்டையே ஜீரணிக்கத் தொடங்குவதுதான் நோய். கொழுப்பு அதிகமான ஒரு சாப்பாடு அதைக் கிளப்பிவிடப் போதும். முந்தின நாள் வீட்டில் நெய் காய்ச்சினோம் என்பதும், கசண்டு வைத்திருந்த கிண்ணம் கழுவாமலேயே பளபளத்தது என்பதும் வழக்கில் பதிவாகியுள்ள புறச்சான்றுகள்.

இனி மூலபாடம். டாக்டர் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்தது அது: கொழுப்பு மிகக் குறைவு, நாளுக்கு நான்கு சின்ன வேளை, குழைந்த சாதம், தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, வேளைக்கு ஒரு கப், வேறெதுவும் கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் திருப்பதி காந்தம் வைத்து ஒட்டிய அன்று மாலையே பாடபேதங்கள் தோன்றிவிட்டன. ‘ஒரு கப்’ என்றால் எந்தக் கப்? மனைவியின் பாடத்தில் அது 240 மில்லி அளவுக் கப். அம்மாவின் பாடத்தில் ஆழாக்கு. படிக்கு எட்டு ஆழாக்கு என்று வாய்பாட்டையும் ஒப்பித்துவிடுவார். பையனின் பாடத்தில், என்றோ ஹோட்டலிலிருந்து சாம்பார் வந்த பிளாஸ்டிக் டப்பா. அவரவர் பாடமே சுத்தபாடம் என்று மூவரும் நின்றார்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு ஏடுகள்தான் தொல்லை கொடுத்தன. ஏட்டைச் சுற்றி வீட்டார் உட்கார்ந்து ஆளுக்கொரு வரி எழுதிச் சேர்க்கவில்லை. பதிப்பாசிரியர் என்ற முறையில் இவ்வாய்வாளர் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, டாக்டருக்குப் போன் செய்து, கப்பை நீக்கி கிராமில் எழுதிவைத்தார். நாய்ச் சாப்பாட்டைக் கப்பில் அளக்கவே கூடாது என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. குவித்து அளக்கும் கையும் தட்டி அளக்கும் கையும் ஒரே அளவு போடுவதில்லை.

எண்களும் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வென்று யாரும் நம்பமாட்டார்கள். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி கிடைக்கும். ஜிம்மிக்கு 364, ராஜாவுக்குச் சுமார் 940. ஓடியாடும் கணக்குத் தனி. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக்கூடாது என்பது பொது விதி. ஜிம்மிக்கு அது 36 கலோரி. ஒரு மெதுவடை நூறுக்குக் குறையாது. ஆக மூன்றில் ஒரு துண்டு வடையோடு நாளின் சலுகை தீர்ந்தது. அதுவும் நல்ல கணையம் உள்ள நாய்க்கு. ஜிம்மி எண்ணெய்ச் சட்டியின் பக்கமே தலைவைக்கக்கூடாது.

இதையெல்லாம் ஜிம்மி ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ளாதவர்கள் மனிதர்கள். இங்கேதான் இடைச்செருகல் இயல் தொடங்குகிறது. வேளைக்கும் வேளைக்கும் இடையில், மூல ஆசிரியரின் அனுமதியின்றி, பெயர் சொல்லாத ஒருவரால் நாயின் வாயில் செருகப்படுவது இடைச்செருகல் என்மனார் புலவர். அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக் கையலம்பப் போகிற வழியில் இரண்டு விரலைக் கீழே தொங்கவிடுவார், விரல் சுத்தமாகிவிடும். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் டீயில் தோய்த்த பன்னில் பாதியைக் கொடுத்துவிட்டு, “சும்மா மோந்து பாத்துச்சு சார்” என்பார். வாட்ச்மேனிடம் பிஸ்கட். கீழ்வீட்டு மாமியிடம் வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல். கேட்டால் அது சாப்பாடு இல்லை, பிரசாதம். பிரசாதத்துக்குக் கலோரி உண்டா என்ற கேள்விக்கு ஆகமத்தில் விடை தேட ஆய்வாளர் துணியவில்லை.

அம்மாவிடம் நேர்காணல் எடுக்கப்பட்டது. “ஏண்டா, வாயில்லா ஜீவன். ஒரு வாய் வெச்சா குடி முழுகிடுமா?” என்றார். வாய் இல்லை என்பதே தரவுகளுக்கு முற்றிலும் முரணானது என்று சுட்டிக்காட்டியபோது, இன்னொரு கோட்பாட்டை வெளியிட்டார்: “அது பாத்துண்டே இருக்கறச்சே நாம மட்டும் தின்னா, நமக்குன்னா வயத்த வலிக்கும்.” இதுதான் மையம். இடைச்செருகலுக்கு அன்பு மட்டும் காரணமில்லை. திருஷ்டி பற்றிய பயமும் பாதி. ராஜாவின் பார்வையைப் பார்த்தவர்கள் இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கமாட்டார்கள்.

அந்தப் பார்வைக்கு மரபணுச் சான்றே இருக்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எலினர் ராஃபன் குழுவினர், லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாடு அங்கே பழுது. 2024இல் அதே வழியில் வந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இந்த நாய்களுக்குச் சாப்பாட்டுக்கு இடையில் பசி அதிகம், ஓய்வில் எரிக்கும் கலோரியும் மற்றவற்றைவிட நாலில் ஒரு பங்கு குறைவு. ராஜாவுக்கு இந்தச் சோதனை செய்ததில்லை. செய்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலையிலும் இல்லை.

ராஜா பசியோடு நின்றால் பரவாயில்லை. அதற்கு நியாய உணர்ச்சியும் உண்டு. வியன்னாவில் ஃப்ரீடரிகே ராங்கே குழுவினர் இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கைகொடுக்கச் சொன்னார்கள். கை கொடுத்ததற்கு ஒன்றுக்கு மட்டும் தீனி கிடைத்தபோது மற்றது கைகொடுப்பதை நிறுத்திவிட்டது, தலையைத் திருப்பிக்கொண்டது. 2009இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு விசேஷம்: ஒன்றுக்கு ரொட்டி, ஒன்றுக்கு சாசேஜ் என்று கொடுத்தால் அவை கண்டுகொள்ளவில்லை. ஏதாவது கிடைத்தால் சரி. இம்முடிவு மந்தைவெளிக்குப் பொருந்தாது. ஜிம்மியின் தட்டில் கோழி, தன் தட்டில் தயிர்சாதம் என்பதை ராஜா அரை நொடியில் மோந்து அறிந்து, தன் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டுபோய் அம்மாவின் காலடியில் நிறுத்தியது. வியன்னாவில் இட ஒதுக்கீடு பற்றி நாய்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

கோழி என்றதும் வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மந்தைவெளியில் மரக்கறி மட்டும் வேகும் இந்த மாதிரி வீட்டில் கோழி எங்கே வெந்தது? பால்கனியில், இண்டக்ஷன் அடுப்பில், அதற்கென்றே வாங்கிய குக்கரில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே வெந்தது. மருந்தென்றால் தோஷமில்லை என்று அம்மா தீர்ப்பளித்துவிட்டு அந்தக் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவரை மூன்று நாயும் தயிர்சாதத்தில் வளர்ந்தவைதான். ஓநாயின் வம்சத்துக்குத் தயிர்சாதம் அடுக்குமா என்று வடநாட்டு நண்பர்கள் கேட்பதுண்டு. 2013இல் நேச்சர் இதழில் சுவீடன் நாட்டு எரிக் ஆக்செல்சன் குழு பதில் சொல்லிவிட்டது: மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிதான், நாய்க்கு நாலிலிருந்து முப்பது படிவரை. மனிதன் விவசாயம் பார்க்கத் தொடங்கியதும் நாயும் சோற்றுக்குத் தயாராகிவிட்டது என்பது அவர்கள் கொண்ட கருத்து. சோறு பிரச்சினை இல்லை. பிரச்சினை தயிர் எந்தப் பாலில் தோய்ந்தது என்பதில். ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காப்பி திக்காக இருக்கவேண்டும் என்பதற்காக எங்கள் வீட்டில் ஆரஞ்சுதான் வரும். ஆக அம்மாவின் அந்த இரண்டு விரலில் இருந்தது முழுக் கொழுப்பு.

கணையம் ஆரோக்கியமான நாய்க்கும் ஆகாத சில பொருள்கள் நம் சமையலறையில் உண்டு. பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாயை எவ்வளவு கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் குற்றவாளி என்று அமெரிக்க விலங்கு நஞ்சு மருத்துவர்கள் 2021இல் கருத்துத் தெரிவித்தார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். வத்தக்குழம்புப் பாத்திரத்தை நாய்க்கு வழித்துப்போடும் வீடுகள் இதைக் கவனிக்கவும். வெங்காயமும் கூடாது என்பது பலருக்கும் தெரிந்ததே.

இனி கறுப்பி. அவள் தன் பங்கை உடனே சாப்பிடுவதில்லை. வெளியே வாழ்ந்த காலத்துப் பழக்கம். பாதி சப்பாத்தியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள், இன்னொரு பாதியைச் செருப்பு ஸ்டாண்டில். வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை. மூன்று நாள் கழித்து அவள் மறந்திருப்பாள், ஜிம்மி மறந்திராது. மனிதர்கள் எல்லாரும் கட்டுப்பட்டிருந்த ஒரு வாரத்தில் ஜிம்மிக்கு வந்த வாந்தியில் பாதி சப்பாத்தி இருந்தது. சப்பாத்தியின் தோற்றுவாய் பற்றி வீட்டில் நடந்த விசாரணையில் நிரபராதிகள் பலர் அவமானப்பட்டார்கள். செருப்பு ஸ்டாண்டை நகர்த்திய பிறகே உண்மை வெளிவந்தது.

ஆகவே ஆய்வின் பயன்முறைப் பகுதி. சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாய், மூன்று கதவு: ஜிம்மி குளியலறையில், ராஜா பால்கனியில், கறுப்பி ஹாலில். கால் மணி நேரம். தின்றாலும் தின்னாவிட்டாலும் தட்டை எடுத்துக் கழுவி, தரையைத் துடைத்த பிறகே கதவு திறக்கும். குப்பைக்கூடைக்கு மிதித்தால் திறக்கும் மூடி போதாது. ராஜாவுக்கு மிதிக்கத் தெரியும். வாசலைத் தாண்டினால் கயிறு. மற்ற இரண்டுக்கும் அதே குறைக்கொழுப்புச் சாப்பாட்டைப் போட்டுவிடலாமா என்று டாக்டரைக் கேட்டோம். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்களுக்குப் போடலாம், அளவை மட்டும் தனித்தனியாகப் பாருங்கள் என்றார். ராஜாவின் இடுப்பு திரும்பக் கண்ணுக்குத் தெரிந்தது இந்த ஆய்வின் எதிர்பாராத விளைவு. குட்டிக்கும் சினை நாய்க்கும் வேறு நோயுள்ள நாய்க்கும் இது பொருந்தாது. அவரவர் டாக்டரைக் கேட்கவேண்டும்.

ஆனால் இவையெல்லாம் நாய்களுக்கான ஏற்பாடு. வேப்பேரியில் இப்போது இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அங்கே நாய்க்கு மருந்துண்டு. நாயின் பாட்டிக்கு மருந்து எழுதும் துறை இன்னும் வரவில்லை. அம்மாவைத் தடுத்தால் ஒளித்துக் கொடுப்பார். ஒளித்துக் கொடுத்தால் கணக்கில் வராது. எனவே காலையில் ஜிம்மிக்கு அன்று எடைபோட்ட சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்து, வேகவைத்த பூசணித் துண்டு நாலோடு சேர்த்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு அம்மாவின் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் அதிலிருந்து கொடுக்கலாம். அன்றைய அளவு மாறாது. கொடுக்கிற கைக்கும் குறையில்லை, பார்க்கிற கண்ணுக்கும் குறையில்லை. இடைச்செருகலை ஒழிக்கமுடியாது, மூலத்திலிருந்தே வெட்டியெடுத்துச் செருகச் சொல்லலாம். இதுவே இவ்வாய்வின் ஒரே கண்டுபிடிப்பு. காப்புரிமை கோரவில்லை.

ஒரு விண்ணப்பம் மட்டும் பாக்கி. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் முழுக்கப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் என்று கேட்காமலேயே கையில் கொடுப்பார்கள். மந்தைவெளிவரை தெருவெங்கும் தொன்னை. நெய்யும் திராட்சையும் புளியும் ஒட்டிய அந்தத் தொன்னைகளுக்கு எங்கள் மூன்று நாயும், கயிற்றில் கட்டப்படாத தெரு நாய்கள் அத்தனையும் அடிமை. பிரசாதம் கொடுக்கிறவர்களை யாரும் குறை சொல்லவில்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் தொன்னையைத் தெருவில் வீசாமல், தயவுசெய்து மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடவும்.