தொண்டனுக்குத் தொண்டைதான் மிச்சம்

வாடா பேராண்டி, வா. என்ன, வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது? வேன்ல தொத்திக்கிட்டு ‘வாழ்க, வாழ்க’ன்னு நீ கத்துனது நம்ம தோப்பு வரைக்கும் கேட்டுச்சு. யாரு வாழ்ந்தாங்களோ தெரியல, உன் தொண்டை போய்ச் சேந்திருச்சு. உக்காரு. நான் பேசுறப்ப நீ குறுக்க பேசாம இருக்கிறது அபூர்வம். கெடச்ச நேரத்த விடுவானா கெழவன்?

தொண்டைங்கிறது தொண்டனுக்குன்னே ஆண்டவன் குடுத்த உறுப்புன்னு நெனச்சிட்டிருக்க. பழைய பாட்டுகள்ல தொண்டைன்னா கோவைக்கொடிடா. நம்ம வேலியில கிளி கொத்துதே, செக்கச்செவேல்னு ஒரு பழம், அதேதான். நாம கோவைக்காய்னு பேர மாத்திக்கிட்டோம். தெலுங்குக்காரன் இன்னைக்கும் தொண்டகாயங்கிறான், கன்னடத்துக்காரன் தொண்டேகாயிங்கிறான். காஞ்சியில இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் இருந்தான்ல, பெரும்பாணாற்றுப்படை அவனப் பத்தின பாட்டுதான். நாககன்னி பெத்த புள்ள அவன். அடையாளத்துக்குத் தொண்டைக்கொடியச் சுத்திக் கடல்ல விட்டாளாம், கரையேறி ராசாவானான்னு கதை. நீயும் கழுத்துல துண்டச் சுத்திக்கிட்டுத்தான் திரியுற. அவன் கரையேறிட்டான், நீ எப்பப்பா ஏறப்போற?

நம்மூர்ல கோவம் வந்தா தொண்டைக்குப் பேரு சங்கு. ‘சங்க நெரிச்சிருவேன்’னு நேத்து உங்கப்பன் சொன்னான் பாரு, அது பாசம். கோயில்ல, கச்சேரியில அதே தொண்டைக்குப் பேரு கண்டம். வடமொழியில தொண்டைக்கு ஒரு கண்டம், துண்டுக்கு ஒரு கண்டம், ஆபத்துக்கு ஒரு கண்டம். அவங்களுக்கு எழுத்து வேற வேற. நமக்கு ‘க’வும் ஒண்ணு, ‘ட’வும் ஒண்ணுங்கிறதால மூணும் ஒரே வீட்டுல குடியேறிருச்சு. உன் சாதகத்தப் பாத்துட்டு ஜோசியர் ‘பையனுக்குக் கண்டம் இருக்கு’ன்னாரு. தண்ணியிலதான் இருக்கும்னு உன்னக் கெணத்துப் பக்கமே விடாம வளத்தேன். மைக்குல இருந்திருக்கு!

இருக்கிற பேர்லயே எனக்குப் புடிச்சது மிடறு. தொண்டையும் மிடறுதான், ஒரு தடவ முழுங்குற தண்ணியும் மிடறுதான். வாய்ப்பாட்டுக்கு மிடற்றுப்பாடல்னு பேரு வச்சாங்க. பன்னெண்டு உயிரெழுத்தும் மிடற்றுக் காத்துல பொறக்குதுன்னு தொல்காப்பியரு பிறப்பியல்ல எழுதிட்டுப் போயிட்டாரு. நீ என்னடான்னா ‘தலைவாஆஆ’ன்னு ‘ஆ’வ மட்டுமே செலவு பண்ணித் தீத்துட்ட. இப்ப மிச்சம் பதினொண்ணும் சேந்து வேலைநிறுத்தம் பண்ணுது.

உள்ள என்ன நடக்குதுன்னு கேளு. முன்பக்கம் காத்துக்குப் பாதை, பின்பக்கம் சோத்துக்குப் பாதை. முழுங்குறப்ப குரல்வளைக்கு மேல ஒரு மூடி சாஞ்சு காத்துப் பாதைய அடைக்கும், பேசுறப்ப தெறக்கும். நீ பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சு வாயில திணிச்சுக்கிட்டே கோஷம் போட்ட. அந்த மூடி பாவம், யாருக்குன்னு வேலை பாக்கும்? பருக்கை வழி மாறிப் புரையேறிருச்சு. ‘யாரோ நெனைக்கிறாங்க’ன்னு பக்கத்துல இருந்தவன் உச்சந்தலையில தட்டுனான். நீ பூரிச்சுப் போயி வேட்பாளரத் திரும்பிப் பாத்த. அட மண்டு, பேரு தெரிஞ்சாத்தானடா நெனைக்கிறதுக்கு!

சிவன் சங்கதி தெரியும்ல? பாற்கடல்ல நஞ்சு வந்தப்ப அவரு முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல, மிடற்றுலயே நிறுத்திட்டாரு. முழுங்கியிருந்தா உள்ள இருக்கிற உலகம் போச்சு, துப்பியிருந்தா வெளிய இருக்கிற உலகம் போச்சு. அதுக்குத்தான் கறைமிடற்றண்ணல், நீலகண்டன்னு கையெடுத்துக் கும்புடுறோம். உனக்கு செல்போன்ல வந்தது எதுவும் நிக்கிறதே இல்ல. அப்படியே முழுங்குற, டீக்கடை பெஞ்சுல போயி அப்படியே கக்குற. மிடறுங்கிறது டோல்கேட்டு மாதிரிடா, எந்த வண்டியா இருந்தாலும் நின்னு கணக்குச் சொல்லிட்டுப் போகணும். உன் டோல்கேட்டுல மட்டும் பாரு, எப்பவும் எம்எல்ஏ காரே போகுது.

சரி, மொறைக்காத. கல்லுப்புப் போட்ட வெந்நிய ஒரு மிடறு வாங்கி அண்ணாந்து கொப்பளி. அப்புறம் சித்தரத்தை ஒரு துண்டக் கடவாயில அதக்கிக்க. கடிக்காத, துப்பாத, சாறு சொட்டுச் சொட்டா எறங்கட்டும். ஓட்டு எண்ணி முடியுற வரைக்கும் அது அங்கயே கெடக்கணும். சித்தரத்தை தொண்டைக்கு நல்லதுன்னு ஊரே சொல்லும். ஆனா அத அதக்குன வாயால கோஷம் போட முடியாது பாரு, உனக்கு வைத்தியமே அதுதான்.