திட்டதாசர்

ஓ.எம்.ஆரில் எந்த மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு திட்டதாசரைப் பார்க்கலாம். ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் வேலையைத் தொடங்கும் முன், அதை எந்த முறையில் செய்வது என்று முடிவாக வேண்டும். அது முடிவாகாது.

போன தீபாவளிக்கு அவர் தக்காளிக் கட்சி. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ அடுப்பங்கரைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வகுத்த பொமடோரோ முறை: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. திட்டதாசர் அச்சு அசலான தக்காளிக் கடிகாரம் தேடினார். அது கிடைப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அவரும் டேவிட் ஆலன் பக்கம் சாய்ந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையைப் பட்டியலில் சேர்க்காமல் உடனே செய்துவிடச் சொல்கிறார் ஆலன், 2001-இல் வந்த தம் புத்தகத்தில். ஒரு வேலை இரண்டு நிமிடத்தில் முடியுமா என்று தீர்மானிக்கத் திட்டதாசருக்கு இருபது நிமிடம் பிடித்தது.

பிறகு ட்ரெல்லோ. அதன் பிறகு ஈமேக்ஸ், ஆர்க்-மோட். ‘லாகின் பக்கைச் சரிசெய்’ என்ற வரி நோட்டிலிருந்து ட்ரெல்லோவுக்கும் அங்கிருந்து ஆர்க்-மோடுக்கும் குடிபெயர்ந்தது. போன இடமெல்லாம் புது நிறம், புது லேபிள். பக் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கான்பான் வந்தபோது விவகாரம் வீடுவரை போயிற்று. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை அது. கையில் இத்தனை வேலைக்கு மேல் எடுக்காதே என்பது அதில் மென்பொருள்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட விதி. உண்மையிலேயே நல்ல விதி. திட்டதாசர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

“ஏங்க, கேஸ் புக் பண்ணச் சொன்னேனே?”

“கையில ஏற்கெனவே ரெண்டு வேலை இருக்கும்மா. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது.”

“என்ன ரெண்டு?”

“போர்டை நேரா ஒட்டணும். அதுக்குக் கலர் ஸ்டிக்கர் வாங்கணும்.”

காலை ஸ்டாண்ட்-அப் 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது ஸ்க்ரம் வழக்கம். நம்மவருக்கு அரை நிமிடம் போதும். “நேத்து பேக்லாக்கை அடுக்கினேன். இன்னைக்கு அடுக்கினதைச் சரிபார்க்கிறேன். தடங்கல் எதுவும் இல்லை.” லீட் மேற்கூரையைப் பார்ப்பார்.

2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடிய 17 பேர், கருவிகளையும் நடைமுறைகளையும்விட மனிதர்களுக்கே மதிப்பு அதிகம் என்று அஜைல் அறிக்கையில் எழுதிவைத்தார்கள். திட்டதாசர் அதைப் ‘படிக்க வேண்டியவை’ பட்டியலில் சேர்த்திருக்கிறார். முன்னுரிமை: மூன்று.

டீமுக்கு எந்த முறை என்பதை மேனேஜர் எப்போதோ ஜிராவில் முடிவு செய்தாயிற்று. தனி ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு போதும் என்பது என் கட்சி. அதை அவரிடம் சொன்னால் எந்த அளவுச் சீட்டு, கோடு போட்டதா போடாததா என்று கேட்பார்.

ஆகவே, உங்கள் டீமில் இப்படி ஒருவர் இருந்தால் புதிதாக வந்த செயலி எதைப் பற்றியும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ் இருக்கிறது.