ஓசி டிவி

கல்யாண வீடு ஒன்றுக்காக மனைவி ஊருக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ரிமோட் முழுசாக என் கைக்கு வந்தது. ‘இன்னுமா பார்க்கலை?’ என்று ஆளாளுக்குக் கேட்ட மூன்று தொடர்கள் பாக்கி இருந்தன: ‘சுழல்’ முதல் சீசன், ‘அயலி’, ‘விலங்கு’. எட்டு, எட்டு, ஏழு. ஆக 23 எபிசோட். ஞாயிறு இரவுக்குள் முடித்துவிடுவதென்று தாளில் அட்டவணையே போட்டேன். ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் இப்படி ஒரு அட்டவணை போட்டதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சந்தா கட்டுவது நானில்லை, பெங்களூரில் இருக்கும் மகன். பாஸ்வேர்ட் அவனுடையது. ஓசி டிவி எனக்குப் புதிதுமல்ல.

கோவில்பட்டியில் என் சின்ன வயசில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான், பக்கத்து வீட்டு ஆச்சி வீட்டில். கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மர ஷட்டர், அதற்கொரு பூட்டு, சாவி ஆச்சியின் இடுப்பில். மெட்ராஸுக்கு 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டாலும் அது எங்கள் பக்கம் எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, கடலைத் தாண்டி வந்த படம்தான் எங்களுக்கு முதல் டிவி. ஆண்டெனா தென்கிழக்கைப் பார்த்து நிற்கும். சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் நாடகம், செய்தி, விளம்பரம் எதையும் விட்டதில்லை. காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். மொட்டை மாடியில் ஆச்சியின் மகன், டிவி முன்னால் ஒருவன், நடு முற்றத்தில் ஒரு பையன். “வருது... வருது... போச்சு!” என்று உள்ளே கேட்பதை மாடிக்குக் கத்துவது முற்றத்துப் பையனின் உத்தியோகம். அந்தப் பையன் நான். படம் தெளிவாக வந்த நேரத்தில் பெரும்பாலும் நான் முற்றத்தில்தான் நின்றிருக்கிறேன்.

கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்ததும் ஆண்டெனாவை வடக்கே திருப்பினார்கள். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’. ஞாயிறு காலையில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’: 78 பகுதி, 1987 ஜனவரியில் ஆரம்பித்து அடுத்த வருஷம் ஜூலையில் முடிந்தது. ராமன் விட்ட அம்பு எதிராளியின் அம்பைப் போய் முட்டுவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். இந்தி யாருக்கும் தெரியாததால் வர்ணனை ஆச்சி பொறுப்பு. அனுமன் வாயைத் திறக்கும் முன்பே ஆச்சி பேசி முடித்திருப்பார். முடிந்தும் நாங்கள் நகரமாட்டோம். “ஏல, வீட்ல தேடமாட்டாவளா?” என்பார். எழுந்து போங்கள் என்று அர்த்தம். வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடக்கும். நம்முடையதைத் தேடி எடுக்க ஐந்து நிமிஷமாவது ஆகும்.

இந்த வெள்ளிக்கிழமை ‘சுழ’லின் மயானக் கொள்ளைத் திருவிழாவில் நான் மூழ்கியிருந்தபோது திரை நின்றது. நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டது. அதே ஆச்சியின் கேள்வி, ‘ஏல’ மட்டும் இல்லை. ஆமாம் என்று அழுத்தினேன். அப்போது இப்படி அழுத்த ஒரு பொத்தான் இருந்திருந்தால் ஆச்சி வீட்டிலேயே சாப்பாடும் ஆகியிருக்கும்.

சனிக்கிழமை ‘அயலி’. 1990-ல் நடக்கிற கதை; படிப்பை நிறுத்திவிடுவார்களே என்று வயதுக்கு வந்ததையே மறைத்துப் பள்ளிக்கூடம் போகிற பெண். அதை மட்டும் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. ஆச்சி வீட்டுத் தரையில் எனக்கு முன்வரிசையில் ஒருத்தி உட்காருவாள், ரெட்டைப் பின்னல். ராமன் காட்டுக்குப் போனதெல்லாம் பார்த்தாள். இலங்கைக்குப் பாலம் கட்டும்போது அவள் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இடம் காலியானதில் எனக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம்தான் நினைவிருக்கிறது. நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ‘விலங்கு’. அதற்குள் தலை குழம்பிவிட்டது. ‘சுழ’லிலும் சப்-இன்ஸ்பெக்டர், இதிலும் சப்-இன்ஸ்பெக்டர். அங்கே நடந்த குற்றத்துக்கு இங்கே ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டைத் தாண்டு, முன்கதையைத் தாண்டு என்று அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலி. தூர்தர்ஷன் சின்னம் சுழன்று வந்து நிற்பதைக்கூட வாய்பிளந்து பார்த்த பயல்தான் இவன்.

கடைசி எபிசோட். முடிவு தெரியப்போகிற நேரம் திரையில் ஓர் அறிவிப்பு: இந்தக் கணக்கில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குமேல் பார்க்க முடியாது. மகனைக் கூப்பிட்டேன்.

“அப்பா, இங்க இவளும் பாப்பாவும் ஆளுக்கொண்ணு பார்த்துட்டிருக்காங்கப்பா. நீங்க ரெண்டு நாளா பார்க்கறீங்கபோல? ஒரு நடை நடந்துட்டு வாங்களேன்.”

தூர்தர்ஷனாவது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று போடும். எழுந்து வாசலுக்குப் போனேன். ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது.