அட்வான்ஸ் கொடுத்தாச்சு, தூக்கம் போச்சு!

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய திருவள்ளூர் பக்கத்துத் தபால் முத்திரை. பிரித்தால் எல்லாவற்றிலும் வீடு: வாங்கினவர் புலம்பல், விற்கிறவர் புலம்பல், நடுவில் மாட்டிக்கொண்டவர் புலம்பல். சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கே: திருப்பாச்சூரில் ஒரு வீட்டுக்கு ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை. மனைவியோ பக்கத்தில் குறட்டை விடுகிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படி?
*– தூங்காத கணவர், காக்களூர்*

ப: 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் ஆளைக் கலக்குகிற 43 நிகழ்ச்சிகளுக்கு மார்க் போட்டார்கள். துணையை இழப்பது 100, விவாகரத்து 73, கல்யாணம் 50. கீழே வந்தால் பெரிய வீட்டுக்கடன் 31, சம்பந்தி வகையறாத் தகராறு 29, வீடு மாறுவது 20. நம் ஊரில் இந்த மூன்றும் ஒரே மாதத்தில் கைகோத்து வரும். கூட்டுங்கள்: 80. விவாகரத்தையே தாண்டிவிட்டது.

ஆனால் உங்கள் வியாதிக்கு அமெரிக்காவரை போக வேண்டாம். மாடி அறையின் அளவை எழுதியிருக்கிறீர்கள், வாசல் வேப்பமரத்தைக்கூட விடவில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்தீர்களா என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பத்திரத்தாளில் எழுதி பீரோவில் வைத்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் தலைகாட்டாது. நாளைக்கே அந்த வீட்டுக்காரர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கினாலும் அந்த மனுஷனுக்கு உங்களைப் பற்றித் தெரிய வழியில்லை. திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகம், அன்று இரவு தூக்கம். மனைவி குறட்டை விடுவதன் காரணம் எளிது: பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து.

கே: "இன்னொரு பார்ட்டி கையில கேஷோட நிக்கிறார், இன்னிக்கே டோக்கன் போடுங்க சார்" என்று புரோக்கர் நெருக்குகிறார். பதற்றமாக இருக்கிறது.
*– வாசகர், மணவாளநகர்*

ப: அந்த இன்னொரு பார்ட்டியை நானும் ரொம்ப நாளாகத் தேடுகிறேன். ஒரே நேரத்தில் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மூன்று இடத்திலும் கேஷோடு நிற்கிறார். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் புரோக்கர் போன் பண்ணுவார்.

கே: பூண்டி ரோட்டில் மனை காட்ட இலவச வேனில் கூட்டிப்போய், பிரியாணி போட்டு, "ரிங் ரோடு வந்தா ரேட் டபுள்" என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வாங்காமல் வந்தது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
*– ஆவடி வாசகர்*

ப: இந்நேரம் செரித்திருக்கும், விடுங்கள். ரிங் ரோடு பொய்யில்லை. எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம்வரை சுமார் 133 கிலோமீட்டர். ஆனால் செங்கல்பட்டு முதல் செங்குன்றம்வரை எல்லா மனையும் அதற்கு "ஐந்தே நிமிடத்தில்" இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த ஐந்து நிமிடம் ஹெலிகாப்டரில்.

வேன் போனது வெயில் நாளாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் நீங்களே பஸ் பிடித்துப் போங்கள். பூண்டி ஏரி நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு எந்தப் பக்கம் பரவும் என்பது நோட்டீஸில் இருக்காது, அங்கே டீக்கடை போட்டிருப்பவருக்குத் தெரியும். மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கல்லையே பார்க்காமல் பக்கத்து வயலின் வரப்பைப் பாருங்கள். வரப்பு உயரமாகவும் மனை தாழ்வாகவும் இருந்தால் மழைக்காலத்தில் உங்களுக்கு நீச்சல்குளம் இலவசம். கொட்டி நிரவின செம்மண்ணை ஒரு குச்சியால் கிளறுங்கள். அடியில் கரம்பை மண்ணும் நத்தை ஓடும் வந்தால், அது நேற்றுவரை ஏரியின் உள்வாயாக இருந்திருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பழைய அங்கீகாரமற்ற மனை என்றால், 20-10-2016-க்கு முன்பு போட்டதை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். "வந்துடும் சார்" என்றால் நீங்களும் "பணம் வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறுங்கள். பிரியாணியில் பீஸ் எத்தனை என்று எழுதவில்லையே?

கே: வீட்டை விற்கிறேன். ஹால் சுவரில் ஒரு நீள விரிசல். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிடலாமா? பார்ட்டி வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.
*– விற்பவர், திருப்பாச்சூர்*

ப: உங்கள் ஊர் வாசீஸ்வரர், மூங்கில் காட்டில் கிடைத்தபோது வாசி என்ற கருவி பட்ட தழும்போடுதான் இன்றும் காட்சி தருகிறார். அப்பரும் சம்பந்தரும் அந்தத் தழும்போடுதான் பாடிவிட்டுப் போனார்கள். பட்டி பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டமும் சாமி கட்சிதான். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, ஆனால் உங்களுக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்வது உங்கள் கடமை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, அது பூச்சு விரிசலா அஸ்திவாரம் இறங்கியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு என்றால் சரி பண்ணிவிட்டு "இங்கே விரிசல் இருந்தது" என்று சொல்லுங்கள். அஸ்திவாரம் என்றால் விலையில் குறையுங்கள். சொன்ன பிறகு நெஞ்சு ஏன் அடித்துக்கொள்ளப் போகிறது? அடித்தால் டாக்டரிடம் போங்கள், அது வீட்டு விஷயம் இல்லை.

கே: அப்பா கட்டிய வீட்டை விற்கலாம் என்றால் அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார். கல்யாணத்துக்கு நாங்கள்தான் செலவழித்தோம். இப்போது பேச்சுவார்த்தையே இல்லை.
*– தம்பிகள் இருவர், கடம்பத்தூர்*

ப: வாசீஸ்வரர் கோயிலிலேயே பதினொரு பிள்ளையார்கள் ஒரே சபையாக உட்கார்ந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். அப்பா வீட்டை விற்கிற குடும்பமும் அப்படித்தான் உட்கார வேண்டும். ஒருவர் எழுந்து போனாலும் காரியம் நிற்கும்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி உயில் எழுதாமல் போயிருந்தால், மகனுக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் சமபங்கு. இது 1956-லிருந்தே. பூர்விகச் சொத்து என்றால், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ல் கல்யாணமாகாத மகள்களுக்குப் பங்கு வந்தது, 2005-ல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. கல்யாணச் செலவு எந்தச் சட்டத்திலும் கழிவு இல்லை. "சும்மா ஒரு கையெழுத்துதானேக்கா" என்று கேட்டிருப்பீர்கள். அங்கேதான் கோபம். சும்மா என்றால் அவர் இல்லாமலே விற்றிருக்கலாமே! அவருடைய பங்கு எவ்வளவு என்று ஒரு தொகையோடு போய் உட்காருங்கள். அதன் பிறகு அவர் விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். கொடுக்காவிட்டால் செக் கொடுங்கள். தீபாவளிக்குப் பலகாரமாவது வரும்.

கே: வாஸ்துப்படி ஈசான்ய மூலையில் செப்டிக் டேங்க் இருக்கிறது. வாங்கலாமா?
*– ஈக்காடு வாசகி*

ப: எந்த மூலை என்பது இருக்கட்டும். அது கிணற்றுக்கும் போருக்கும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கே: திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்பார்கள். வில்லங்கம் கரையுமா?
*– குறும்புக்காரர், பெரியகுப்பம்*

ப: வெல்லம் வீண். அடமானம் கரைய ரசீது ஆவணம் பதிவு செய்ய வேண்டும்.

குறும்பாகக் கேட்டாலும் இது பலர் வீட்டில் நடக்கிற கதை. வீட்டுக்கடன் கடைசித் தவணை கட்டின அன்று கேசரி கிண்டுவார்கள், பத்திரத்தை வாங்கி வந்து பூஜை அறையில் வைப்பார்கள். வங்கி கொடுக்கும் ரசீதைப் பதிவு செய்ய மட்டும் மறந்துவிடுவார்கள். பல வருடம் கழித்து விற்கப் போனால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே உயிரோடு உட்கார்ந்திருக்கும். கடன் கொடுத்தது சிண்டிகேட் வங்கியாக இருந்தால், அது 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. யாரிடம் போய் நிற்பது என்று விசாரிப்பதிலேயே வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துவிடுவார். கடனை அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. வங்கியின் தாமதத்துக்குத்தான் அது. உங்கள் மறதிக்கு யாரும் இழப்பீடு தர மாட்டார்கள்.

கே: ஆடியில் பத்திரம் பதியக் கூடாதாமே?
*– வாசகர், செவ்வாப்பேட்டை*

ப: கூட்டம் இல்லாத சார்பதிவாளர் அலுவலகத்தைப் பார்க்க வேறு மாதம் கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் போகாதீர்கள். முகூர்த்த நாள் மாதிரி அன்றைக்கும் கூடுதல் டோக்கன் போடுகிற அளவுக்குக் கூட்டம்.

கே: அறுபது லட்சம் விலை. "பத்திரத்துல முப்பத்தஞ்சு போதும், மீதி கையில குடுங்க" என்கிறார் ஓனர். பத்திரச் செலவு மிச்சம்தானே?
*– கணக்குப் புலி, வேப்பம்பட்டு*

ப: கணக்கே போடுவோம், புலி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். மறைக்கிற 25 லட்சத்துக்கு மிச்சம் 2,25,000. நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கின விலை 35 என்றுதானே காகிதம் சொல்லும்? அந்த 25 லட்சமும் உங்கள் லாபமாகிவிடும். அதற்கு 12.5 சதவீதம் வரி 3,12,500. புலி பூனையாகிவிட்டது.

இதற்கு நடுவே வங்கி, பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். இதை ஓனரிடம் சொல்லுங்கள், அவர் தொனி மாறும். முழு 60-க்கும் பதிந்தால், 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீதத்தைப் பிடித்து அவர் பேரில் வரியாகக் கட்டுவது உங்கள் வேலை. அதை மறந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். புது வீட்டுக்கு வரும் முதல் தபால் அதுவாக வேண்டாம்.

கே: அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. திருப்பாச்சூர் வீட்டை விற்றுவிட்டு அம்பத்தூரில் எங்கள் பிளாட்டுக்கு வரச் சொன்னால் அழுகிறார். வாங்குகிறவர் கெடு வைத்துவிட்டார். என்ன சொல்லித் தேற்றுவது?
*– மகன், அம்பத்தூர்*

ப: வீடு யார் பேரில் இருக்கிறது, தம்பி? கடிதம் முழுக்க 'நாங்கள் விற்கிறோம்' என்று வருகிறதே, அதனால் கேட்கிறேன். அம்மா பேரில் என்றால் விற்கிறவர் அவர். நீங்கள் துணைக்குப் போகிற ஆள். கெடு வைத்தவரிடம் பேச வேண்டியதும் நீங்கள்தான், அம்மா இல்லை.

தேற்றுவதை விட்டுவிட்டு அவரிடம் கேளுங்கள். எதை விட்டு வர முடியவில்லை? பெரும்பாலும் சுவர் இருக்காது. பிரதோஷத்துக்குச் சேர்ந்து போகிற எதிர்வீட்டு அம்மாவாக இருக்கும். கேட்காமலே கடனுக்குக் கொடுக்கிற மளிகைக் கடையாக இருக்கும். கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு மத்தியானம் தூங்குகிற சௌகரியமாக இருக்கும். பிளாட்டில் கதவைத் திறந்துபோட்டால் அசோசியேஷன் சர்க்குலர் வரும். விற்பதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் அவர் அம்பத்தூரில் இருந்து பார்க்கட்டும், வீட்டுச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும். பிடித்தால் அவரே தேதி சொல்வார். பிடிக்கவில்லை என்றால் வாங்குகிறவர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நஷ்டம்தான். திருப்பாச்சூரிலிருந்து அம்பத்தூர் அப்படி என்ன தூரம்? மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் நீங்கள் வாராவாரம் வந்து பார்க்கலாம்.

அம்மா வந்துவிட்டால் அம்மிக்கல்லையும் கொண்டு வரட்டும், லிப்டில் ஏறும். விற்ற பணம் அவர் கணக்கில், அவர் பேரில். "என்கிட்டதானே இருக்கப் போறாங்க" என்று மொத்தத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளாதீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் வழி வைத்திருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை. கடிதத்தில் உங்கள் மனைவி ஒரு வரி சேர்த்திருக்கிறார், அதனால் சொன்னேன்.

கே: பழைய வீட்டை விற்றுத்தான் புது வீடு. முதலில் விற்பதா, வாங்குவதா? இரண்டு நாளில் முடிவு சொல்லச் சொல்கிறார் மச்சான்.
*– சிப்காட் ஊழியர், கும்மிடிப்பூண்டி*

ப: விற்பது. வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விற்க ஓடினால், உங்கள் அவசரம் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும், விலை படுத்துவிடும். விற்ற வீட்டிலேயே மூன்று மாதம் வாடகைக்கு இருந்துகொள்கிறேன் என்று வாங்குபவரிடம் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், பலர் சம்மதிப்பார்கள். லாபத்துக்கு வரி வராமலிருக்க, விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கலாம், கட்டுவதாக இருந்தால் மூன்று வருடம். வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால், அதற்கென்று வங்கியில் இருக்கும் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவையுங்கள். அரசாங்கமே இரண்டு வருடம் தருகிறது, மச்சான்தான் இரண்டு நாள் கெடு கொடுக்கிறார்.

கே: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் இருப்பது சொந்த வீடா?
*– தூங்காத கணவரின் மனைவி, காக்களூர்*

ப: வாடகை. ஓனர் விற்கப்போவதாகச் சொன்னார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துவிட்டேன், சுத்தமான சொத்து. தாராளமாக வாங்கலாம் என்று அவரிடம் வந்த பார்ட்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.