தூங்கிக்கொண்டே தர்மம் செய்பவர்

தர்மபிரபுவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயர் வேறாக இருந்திருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிக்கு ஒருவர் வீதம் தேறுவார். ஒரு வேலையைக் கையால் இரண்டு தடவை செய்ய நேர்ந்தால் மூன்றாவது தடவைக்குள் அதற்கு ஸ்கிரிப்ட் எழுதிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. வேலை ஐந்து நிமிஷத்தில் முடியும். ஸ்கிரிப்ட் எழுத இரண்டு நாள் ஆகும். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. டைம்ஷீட் நிரப்ப ஒரு ஸ்கிரிப்ட், வாரக் கடைசியில் மேனேஜருக்கு அறிக்கை அனுப்ப ஒன்று, பிறந்தநாள்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஒன்று. வாழ்த்து ஸ்கிரிப்ட் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் வருஷம் தவறாமல் வாழ்த்துச் சொல்லும். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை.

அவருக்குத் தர்ம சிந்தனை வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

பக்கத்து இருக்கைப் பெண் ஜிஆர்இ எழுதப்போகிறவள். தயிர்சாத டப்பாவை ஒரு கையால் திறந்தபடி, மறு கையால் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா கேம் இது?”

“ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரும் அண்ணா. கீழ நாலு அர்த்தம். சரியானதைத் தொட்டா பத்து அரிசி.”

“அரிசியா? உனக்கா?”

“பட்டினி கிடக்கறவங்களுக்கு.”

திரையில் மரக்கிண்ணம் ஒன்று இருந்தது. அவள் தொடத் தொட அதில் அரிசி விழுந்தது. தர்மபிரபு வார்த்தையையும் பார்க்கவில்லை, கிண்ணத்தையும் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்தார். ஒரே வேலையை அது திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. அவர் வயிற்றில் என்னவோ செய்தது.

விளையாட்டின் பெயர் ஃப்ரீரைஸ். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற ஊரில் இருந்த ஜான் பிரீன் 2007-இல் அதை உருவாக்கினார். அவரும் கணினி நிரல் எழுதுகிறவர்தான். மகன் எஸ்ஏடி தேர்வுக்கு வார்த்தைகளை நெட்டுருப் போட்டுத் திணறுவதைப் பார்த்து முதலில் அவனுக்காகச் செய்தது. பிறகு அரிசியைச் சேர்த்தார். கேள்விக்குக் கீழே விளம்பரம் வரும். விளம்பரக்காரர் கொடுக்கும் பணம் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்குப் போய் அரிசியாகும். இதில் அவர் புதியவரும் அல்ல. பொத்தானை அழுத்தினால் பசித்தவருக்கு உணவு என்ற ‘ஹங்கர் சைட்’டை 1999-லேயே தொடங்கியவர். ஃப்ரீரைஸின் முதல் நாள், அக்டோபர் 7 அன்று, விழுந்தது 830 அரிசி. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். அங்கிருந்து கோடிக்கணக்கில் வளர்ந்து, வங்கதேசத்தில் தங்கியிருந்த மியான்மர் அகதிகளின் உலை வரைக்கும் அந்த அரிசி போயிற்று. 2009-இல் பிரீன் தளத்தையே உலக உணவுத் திட்டத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் தர்மபிரபு படிக்கவில்லை. கணக்கு மட்டும் போட்டார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம். எண்ணிக்கையில் 19,200 அரிசி. பதிலுக்குப் பத்து என்றால் 1,920 சரியான பதில்கள். ஒரு பதிலுக்கு ஐந்து விநாடி வைத்தாலும் இரண்டு மணி நாற்பது நிமிஷம். “ஒருத்தர் சாப்பிட இன்னொருத்தர் ரெண்டே முக்கால் மணி நேரம் உக்காரணுமா? என்ன டிசைன் இது!” என்று வாய்விட்டே சொன்னார்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் வேறு மாதிரி யோசித்திருப்போம். 400 கிராம் அரிசி அண்ணாச்சி கடையில் ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் சாப்பிடுகிற காசு. இரண்டே முக்கால் மணி நேரம் உட்காருவதற்குப் பதிலாக ஐந்நூறு ரூபாயை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தர்மபிரபுவின் மூளையில் அந்தப் பாதையே போடப்படவில்லை. பணம் கொடுப்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. அதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தார். ஸ்கிரிப்டுக்கு ‘அமுதசுரபி’ என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் படித்த மணிமேகலை அந்த அளவுக்காவது பயன்பட்டது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பது மட்டும்தான் அவர் நினைவில் இருந்தது. கைக்கு வந்தபோது அந்தப் பாத்திரம் காலியாக இருந்தது, மணிமேகலை அதை எடுத்துக்கொண்டு ஆதிரையின் வீட்டு வாசலில் போய் நின்றாள், ஆதிரை தன் கையால் முதல் பிச்சை இட்ட பிறகுதான் அது சுரக்கத் தொடங்கியது என்பதெல்லாம் அடுத்த வகுப்பில் நடத்தியது. அன்றைக்கு நம்மவர் லீவு.

ஸ்கிரிப்ட் செய்தது இவ்வளவுதான். தெரியாத வார்த்தை வந்தால் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொடும். நாலில் ஒன்று சரியாக விழும். தப்பானால் சரியான விடையைத் தளமே பெருந்தன்மையாகக் காட்டிவிடும். அதை ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். அதே வார்த்தை மறுபடி வந்தால் ஃபைலைப் பார்த்துச் சொல்லும். முதல் மணி நேரம் அசட்டுப் பிள்ளையாக இருந்தது, விடிவதற்குள் விளையாட்டின் மேல் படிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலப் பேராசிரியர்களே அகராதியைத் தேடும் வார்த்தைகளுக்கெல்லாம் அது கண் இமைக்காமல் அர்த்தம் சொல்லிற்று. அதன் எஜமானர் திங்கட்கிழமை காலை அனுப்பிய மெயில் வழக்கம்போல ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்றே முடிந்தது.

தளத்துக்குச் சந்தேகம் வரக்கூடாதல்லவா? அதற்காக ஸ்கிரிப்டுக்கு மனித குணங்களைக் கற்றுக்கொடுத்தார். ஒரு பதிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றிரண்டு விநாடி தயங்கு. இருபதுக்கு ஒன்று வேண்டுமென்றே தப்பாகச் சொல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து போனாற்போல் பத்து நிமிஷம் சும்மா இரு. ஒரு நல்ல காரியத்துக்காக இவ்வளவு நுணுக்கமாகப் பொய் சொல்லப் பழக்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நல்ல காரியம் செய்கிறவர் முகத்தை ஏன் மூடிக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் கேட்டால், “அது செக்யூரிட்டிங்க” என்பார்.

ஸ்கிரிப்ட் ஓடியது அவர் வீட்டுக் கணினியில் அல்ல, ஆபீஸ் கணினியில். கரண்ட் கம்பெனியுடையது, நெட் கம்பெனியுடையது, அரிசி விளம்பரக்காரருடையது, புண்ணியம் மட்டும் இவருடையது.

செவ்வாய்க்கிழமை கேண்டீனில் பிரகடனம் செய்தார்: “நேத்து ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன். ஏழரைப் பேர் சாப்பிட்டாங்க.”

டெஸ்டிங் அக்கா தலை நிமிர்ந்தார். இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். “அந்த அரை யாரு தம்பி?”

“அது ஆவரேஜ் அக்கா.”

“சரி. அந்த அரிசி எங்கேருந்து வருது?”

“சர்வர்லேருந்து.”

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தார். “சர்வர்ல அரிசி விளையுமா? ஒரு வியாபாரி, நாலு பேர் கண்ணுல படட்டும்னு விளம்பரத்துக்குப் பணம் கட்டறான். அந்தப் பணம்தான் அரிசி. நீ தூங்கறே, உன் மெஷினுக்குக் கண்ணு கிடையாது. யார் பார்த்தாங்க? விளம்பரம் எண்ணறவன் இது மெஷின்னு கண்டுபிடிச்சுக் கழிச்சுட்டான்னா பணம் வராது. அப்ப உன் ஏழரைப் பேரும் திரையில மட்டும்தான் சாப்பிட்டாங்க. கண்டுபிடிக்கலைன்னா அந்த வியாபாரியை ஏமாத்திப் பணம் வாங்கியிருக்கே. ரெண்டுல எது?”

தர்மபிரபு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பெரிய கம்பெனிகளிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு? மலைக்கள்ளன் செய்யவில்லையா? செய்தான்தான். ஆனால் மலைக்கள்ளன் குதிரையேறிப் போனான், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் போனான். இவர் போர்வைக்குள் இருந்தார்.

“அந்தக் கம்பெனி இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு தொகை ஒதுக்கியிருப்பான்” என்றார் அக்கா. “உன் மெஷின் அதை ஒரு வாரத்துல தின்னுட்டா, நிஜமா விளையாடறவங்களுக்கு என்ன மிச்சம்? விளம்பரத்தால ஒரு சோப்புகூட விக்கலைன்னு அடுத்த வருஷம் அவன் வரவே மாட்டான். அப்புறம் கிண்ணத்துல என்ன விழும்?”

அப்போது தர்மபிரபு சொன்ன ஒரு பதிலை மட்டும் நான் மதிக்கிறேன். “மனுஷங்க விளையாடினா மட்டும் விளம்பரத்தைப் பார்க்கறாங்களா அக்கா? இதோ, இந்தப் பொண்ணு மூணு மாசமா விளையாடறா. கீழ என்ன விளம்பரம் வந்துச்சுன்னு கேளுங்க.”

கேட்டார்கள். அவளுக்கு ஒன்றுகூட நினைவில்லை.

கேண்டீனே அவர் பக்கம் சாய்ந்தது. யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு முழுவதுமே கொஞ்சம் பாசாங்கில் நிற்பதுதான். பார்க்காததைப் பார்த்ததாக ஒருவர் கணக்கெழுத, விற்காததை விற்றதாக ஒருவர் நம்ப, நடுவே எங்கோ ஓர் அகதிக்கு நிஜமாகவே கஞ்சி கிடைத்துவிடுகிறது. ஆனால் வியாபாரியும் ஏமாளி இல்லை. நூறு பேரில் தொண்ணூற்றெட்டு பேர் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் பணம் கட்டுகிறான். மீதி இரண்டு பேரின் கண் தவறியாவது கீழே வழுக்கும் என்ற வாய்ப்பைத்தான் அவன் விலைக்கு வாங்குகிறான். அந்தப் பெண்ணின் கண் வழுக்கக்கூடிய கண். அமுதசுரபிக்கு அதுவும் இல்லை. இதை நான் வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். கேண்டீனில் இருந்தபோது நானும் அவருக்குத்தான் கைதட்டினேன்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது இதே மனிதர் மூன்று ராத்திரி தூங்கவில்லை. யார் எந்த மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், படகு எங்கே இருக்கிறது, சாப்பாட்டுப் பொட்டலம் எந்தத் தெருவுக்குப் போய்விட்டது என்று ஊரெங்கும் இளைஞர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதில் இவரும் ஒருவர். ஒரே ஆளின் பெயர் ஏழு இடத்தில் வருவதைப் பிரித்தெடுக்க ஸ்கிரிப்ட் எழுதியது இவர்தான். உருப்படியான ஸ்கிரிப்ட் அது. போனை எடுத்தால் மறுமுனையில், “இடுப்பளவுக்கு வந்துருச்சுங்க, பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை வேணும்” என்று ஒரு குரல் இருந்தது. பொட்டலம் போய்ச் சேராவிட்டால் அந்தக் குரல் மறுபடி கூப்பிட்டுத் திட்டியது. ஃப்ரீரைஸில் அவரைத் திட்ட யாருமில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, அதுவே போதுமென்றிருந்தது.

2020-இல் உலக உணவுத் திட்டத்துக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது தர்மபிரபுவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் அந்தச் செய்தியும், கீழே கைகூப்பும் பொம்மை ஒன்றும், ‘சிறு துளி’ என்ற இரண்டு வார்த்தையும் இருந்தன.

அமுதசுரபி அதற்கு வெகு காலம் முன்பே நின்றுபோயிருந்தது. ஏழரை போதாமல், ஒரே நேரத்தில் பத்து ஜன்னல் திறந்து எழுபத்தைந்து பேருக்குப் படைக்க அவர் முயன்ற வாரத்தில் அது நடந்தது. ஆபீஸிலிருந்து எத்தனை கணினி வெளியே போனாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே முகவரி. அந்த முகவரி மூடப்பட்டது. மத்தியானம் தயிர்சாதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்ணுக்குக் கிண்ணம் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் நிஜமாக அரிசி போட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அதுவும் நின்றுபோயிற்று.

அவள் அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

“அண்ணா, என் எக்ஸாமுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு.”

தர்மபிரபுவுக்கு நிஜமாகவே வருத்தம். “ஸாரிம்மா. ஒண்ணு செய்யலாம். வேற முகவரி வழியா சுத்திப் போற மாதிரி உனக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரேன். நீ உக்காரவே வேணாம். அதுவே விளையாடிக்கும்.”

“அதுவே பரீட்சையும் எழுதிடுமா?”

அவர் யோசித்தார். அதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்தார். அவள் காத்திருக்கவில்லை.

“உங்க மெஷின் வார்த்தையெல்லாம் ஏதோ ஃபைல்ல எழுதி வெச்சிருக்குன்னு சொன்னீங்களே?”

“ஆமா. ஆயிரக்கணக்குல இருக்கும். ஒரு வரிக்கு ஒரு வார்த்தை, பக்கத்துல அர்த்தம்.”

“அதை எனக்கு அனுப்புங்க.”

“அது வெறும் டேட்டாம்மா. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?”

“படிக்கப்போறேன்” என்றாள்.

தர்மபிரபு ஃபைலைத் திறந்தார். எழுதி இத்தனை மாதத்தில் அவர் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை. மேலே இருந்த சில வரிகளை உதடு அசையப் படித்துப் பார்த்தார். பிறகு, “எல்லாத்தையுமா? கையாலயா?” என்று கேட்டார்.